நான் படிக்காமல் விட்ட வார்த்தை

நாலு வருடத்துக்கு முந்தைய மாம்பழ சீசனில், சித்தூருக்கு வெளியே இருக்கும் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் நடந்தது இது. ஜூன் மாதக் கடைசி. லாரி லாரியாகத் தோத்தாபுரி வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். இன்றைக்கும் ரோட்டோரம் அந்தப் பழத்தைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபம் என்று இப்போதே கேட்காதீர்கள். ஒருத்தர் மேல் மட்டும் என்றால் எப்போதோ தீர்ந்திருக்கும்.

நான் எல்லையோரக் கிராமத்துப் பெண். வீட்டில் தமிழ், ஸ்கூலில் தெலுங்கு. இங்கிலீஷ் மட்டும் எங்கேயும் இல்லை. எங்கள் நைனா கூலி வேலை செய்து என்னை டிகிரி வரைக்கும் படிக்க வைத்தார். ஆனால் டிகிரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்பார்கள், நான் திருதிருவென்று விழிப்பேன், வெளியே அனுப்பிவிடுவார்கள். சரி என்று திருப்பதியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசில் சேர்ந்தேன். போக இரண்டு மணி நேரம் பஸ், வர இரண்டு மணி நேரம் பஸ்.

அந்த கிளாஸ் சாருக்கு ஒரு பழக்கம். போர்டில் எழுத மாட்டார். எங்களையே வார்த்தைகளாக நிற்க வைப்பார். ஒரு நாள் ஒரு பெண்ணை ‘வாக்ட்’ என்றார், அதாவது நடந்தாள். இன்னொருவரை ‘டு த டெம்பிள்’ என்றார், கோயிலுக்கு. என்னை ‘ஸ்லோலி’ என்றார், மெதுவாக. “போய் உன் இடத்தில் நில்” என்றார். நான் நேராகப் போய் ‘வாக்ட்’டுக்கு முன்னால் நின்றேன். நமக்கு அதுதானே வழக்கம்? மெதுவாக நடந்தாள் என்றுதானே சொல்வோம்? கிளாஸ் முழுக்கச் சிரித்தது. சார் என் தோளைப் பிடித்துத் தள்ளி அவர்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, “அரவ ஊரா நீ?” என்று கேட்டார். தமிழ் பேசுகிறவர்களைத் தெலுங்கில் அப்படிச் சொல்வார்கள். சும்மாவும் சொல்வார்கள், மட்டம் தட்டவும் சொல்வார்கள். அவர் எதற்குச் சொன்னார் என்பது அவர் வாயின் கோணலிலேயே தெரிந்தது.

‘ஸ்லோலி’யை முன்னால் நிறுத்துவதும் ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை, அப்படியும் எழுதுகிறார்கள் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த ஆளுக்கே அது தெரியுமோ என்னவோ! ஆனால் அன்றைக்கு நான் அழுதுகொண்டே பஸ் ஏறினேன். இனி எவனும் என் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டது. செய்த வேலை முதலில், எப்படிச் செய்தாள் என்பது நடுவில், எங்கே என்பது கடைசியில். பஸ்ஸில் உட்கார்ந்து இதையே ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டு வருவேன். ஷீ ஸ்போக் பொலைட்லி டு த மேனேஜர். த பஸ் ஸ்டாப்ட் சடன்லி அட் த கேட். ஆறு மாதத்தில் எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் அந்த நடு வார்த்தையை அதன் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவேன். அதுதான் எனக்கு இந்த ஃபேக்டரியில் வேலை வாங்கிக் கொடுத்தது. ஆபீசில் ரிப்போர்ட், நோட்டீஸ், லெட்டர் எல்லாம் நான்தான் டைப் செய்வேன்.

அதே ஃபேக்டரியில், கொட்டையையும் சதையையும் பிரிக்கும் மெஷினில் ஓர் அக்கா வேலை செய்தார். எங்களுக்குப் பக்கத்து ஊர். ஒரே வேனில்தான் வருவோம். ஏழு எட்டு சீசனாக அந்த ஒரே மெஷினில் நின்றவர். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “இன்னா இங்கிலீஷு, துன்னியா இல்லியா?” என்பார். “இல்லக்கா” என்றால் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டுவார். முப்பது வயதுக்கு மேல் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். சம்பள நாளில் மற்றப் பெண்கள் விரல் வைக்கும்போது, இவர் மட்டும் பேனாவை வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போடுவார்.

அந்த மெஷினின் வாயில் அடிக்கடி கொட்டையும் நாரும் அடைத்துக்கொள்ளும். அக்கா அதற்கென்று ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். முழ நீளம். தினமும் வெந்நீரில் கழுவித் தூணில் இருந்த ஆணியில் மாட்டுவார். அடைத்தால் குச்சியை விட்டு ஒரு குத்து, அவ்வளவுதான், மெஷின் ஓடும்.

அந்த சீசனில், கூழ் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருவதாகச் சொன்னார்கள். உணவு தயாராகும் இடத்தில் மரச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. நியாயமான விதிதான், மரச் சிம்பு உடைந்து கூழில் விழுந்தால் யார் பதில் சொல்வது? அந்த நோட்டீசை இங்கிலீஷில் டைப் செய்தது நான். சுவரில் ஒட்டப் போனதும் நான். சூப்பர்வைசர் என் கண் முன்னாலேயே அந்தக் குச்சியைப் பிடுங்கி வெளியே குப்பையில் போட்டார்.

“இன்னா சார், குச்சிய புடுங்கிக்கினா நான் இன்னாத்தால குத்தறது? மூக்காலயா?” என்று அக்கா கேட்டார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

பிளாஸ்டிக் கம்பி ஆர்டர் போட்டிருக்கிறோம், வரும் என்றார் சூப்பர்வைசர். ஃபைலில் வைப்பதற்காக அந்த வெறும் ஆணியை நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். சோதனைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கை குலுக்கிவிட்டுப் போனார்கள். பிளாஸ்டிக் கம்பி வரவில்லை.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும். மெஷின் வாய் அடைத்துக்கொண்டது. அக்கா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாராம். பின்னால் பழம் குவிந்துகொண்டே வந்தது. “ஆபொத்து, லைன் ஆபொத்து!” என்று சூப்பர்வைசர் கத்தியது ஆபீசுக்குள் உட்கார்ந்திருந்த என் காதிலேயே விழுந்தது. லைனை நிறுத்தாதே என்று அர்த்தம். அக்கா குச்சி இருந்த ஆணியைப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. கையை விட்டார்.

அவர் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. துணியைச் சுற்றி, காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அரை மணி நேரத்தில் தரையைக் கழுவி லைனை மறுபடி ஓட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். விபத்து ரிப்போர்ட். அவரே இங்கிலீஷில் எழுதியிருந்தார். அதில் ஒரு வாக்கியம்: வொர்க்கர் ரீச்ட் இன்டு த மெஷின் கேர்லெஸ்லி. அதாவது தொழிலாளி அஜாக்கிரதையாக மெஷினுக்குள் கையை விட்டார். “கொஞ்சம் சரி பண்ணி டைப் பண்ணும்மா” என்றார்.

இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு நாலு வருடம் ஆயிற்று. படித்தவுடன் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இது பொய் என்று தோன்றவில்லை. குச்சியைப் பிடுங்கியது யார், நிறுத்தாதே என்று கத்தியது யார் என்று தோன்றவில்லை. ‘கேர்லெஸ்லி’ தப்பான இடத்தில் நிற்கிறது என்று தோன்றியது! திருப்பதியில் அந்த சார் என் தோளைப் பிடித்துத் தள்ளியது ஞாபகம் வந்தது. பென்சிலை எடுத்து அந்த வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, ‘ரீச்ட்’டுக்கும் ‘இன்டு த மெஷின்’னுக்கும் நடுவில் கொண்டு போய் வைத்தேன். ரீச்ட் கேர்லெஸ்லி இன்டு த மெஷின். சுத்தமாக இருந்தது. மேனேஜர் வாசித்துப் பார்த்து, “பாகுந்தி, சூப்பர்” என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சே! அந்தப் பல்லை நினைத்தால் எனக்கே அறைய வேண்டும் போல இருக்கிறது.

நாலு நாள் கழித்து அக்காவை ஆபீசுக்கு வரவழைத்தார்கள். வலது கை முழுக்கக் கட்டு. முகம் வெளுத்துப் போயிருந்தது. ரிப்போர்ட்டைத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டு ஒப்புதல் வாங்கு என்று மேனேஜர் என்னிடம் சொல்லிவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் கதவோரம் நின்றார்.

நான் படிக்க ஆரம்பித்தேன். எந்தத் தேதி, எந்த மெஷின், எத்தனை மணி. அந்த வாக்கியம் வந்தது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்து அஜாக்கிரதை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமல் விட்டேன். “மெஷினுக்குள்ள கைய வுட்டீங்கன்னு போட்டுக்கீதுக்கா” என்று அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்க்கா.”

“சரி, வுட்டது நெசந்தானே” என்றார் அக்கா. பேனாவைப் பிடிக்க முடியாது. கையெழுத்துப் போடத் தெரிந்த அந்த மனுஷி, இடது கைக் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் மனம் நோகாமல் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி வேறு. என்ன திமிர் பாருங்கள்!

கை ஆறி, அக்கா வேலைக்குத் திரும்பி வந்தபோது கேட்டில் இருந்த லிஸ்டில் அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு, உன் அஜாக்கிரதையால் நடந்தது, நீயே ஒப்புக்கொண்டு விரல் வைத்திருக்கிறாய், இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்றார்களாம். இந்த ஃபேக்டரியில் துரத்தினால் பக்கத்து ஃபேக்டரியிலும் சேர்க்க மாட்டார்கள். சீசன் வேலைதான் அந்த வீட்டுக்கு அடுப்பு. அக்கா யார் யாரையோ விசாரித்துச் சித்தூர் லேபர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு கிளார்க் அந்த ரிப்போர்ட்டைத் தெலுங்கில் படித்துக் காட்டியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான் வேனை விட்டு இறங்கியபோது அக்கா பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார்.

“நில்லு பாப்பா. அந்த ஆளு படிக்க சொல்லோ அஜாக்ரத்தகான்னு ஒரு வார்த்த வந்துச்சு. நீ படிக்க சொல்லோ அது இல்லியே. எங்க போச்சு?”

இங்கிலீஷு என்று கூப்பிடவில்லை. அதுவே எனக்குச் சுருக்கென்று இருந்தது. உடனே என்ன செய்தேன்? கோபப்பட்டேன். தப்பு செய்தவளுக்குத்தானே முதலில் கோபம் வரும்! “இன்னாக்கா, அத நானா எழுதனேன்? மேனேஜரு எழுதனாரு. அவர வுட்டுட்டு என்னாண்ட வந்து கேக்கிற?” என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன்.

அக்கா கத்தவில்லை. “அவன் எழுதுவான். அவன் அப்டிதான் எழுதுவான்னு எனக்குத் தெரியாதா? அவன் படிச்சிருந்தா நான் வெரல வெச்சிருப்பேனா? நம்ம பொண்ணு படிக்கிதுன்னுதான் வெச்சேன்.” அவ்வளவுதான் சொன்னார். முந்தானையால் அந்தக் கையை மூடிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தேன். தட்டில் போட்டது அப்படியே இருந்தது. “இன்னா பாப்பா, துன்னாம குந்திக்கினு கீற?” என்று நைனா கேட்டார். என்னத்தைச் சொல்வது? நீ கல்லு ஒடைச்சுப் படிக்க வச்ச படிப்பை வச்சு ஒருத்தி வாயில மண்ணு போட்டுட்டேன்னு சொல்றதா? தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய், அந்த வார்த்தையை எடுத்துவிட்டு ரிப்போர்ட்டை மாற்ற வேண்டும் என்றேன். அவர் கோபப்படக்கூட இல்லை. ஃபைலைத் திறந்து பழைய தாளை எடுத்துக் காட்டினார். என் பென்சில் வட்டமும் அம்புக்குறியும் அப்படியே இருந்தன. “அந்த வார்த்தையை ஒழுங்கா வச்சது நீதானம்மா? அப்போ தெரியலையா?” என்று சிரித்தார். சூப்பர்வைசரும் சிரித்தார். திருப்பதி கிளாஸ் சிரித்ததைவிட இது என்னை எரித்தது. ஏனென்றால் இந்தத் தடவை அவர்கள் சொன்னது உண்மை.

லேபர் ஆபீசில் அக்காவின் விசாரணை நடந்த அன்று லீவு சொல்லாமல் போனேன். அதிகாரி ஓர் அம்மா. மேஜைக்கு ஒரு பக்கம் மேனேஜரும் சூப்பர்வைசரும், இன்னொரு பக்கம் அக்கா. என்னைப் பார்த்ததும் மேனேஜர் முகம் மாறியது. அக்கா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் அந்த அதிகாரியிடம் தெலுங்கில் எல்லாவற்றையும் கொட்டினேன். குச்சியைப் பிடுங்கியது, கம்பி வாங்காதது, நிறுத்தாதே என்று கத்தியது, நான் வார்த்தையை நகர்த்தியது, படிக்கும்போது அதை விழுங்கியது. வெறும் ஆணி போட்டோவை போனில் காட்டினேன். மேனேஜர் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். “நான் பேசி முடிக்கிறேன் சார்” என்றேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடு என்றார் அந்த அம்மா. வெள்ளைத் தாளை வாங்கி அங்கேயே நின்றுகொண்டு இங்கிலீஷில் எழுதினேன். கடைசி வரி: ஐ லைட் நோயிங்லி டு ஹெர். அவரிடம் தெரிந்தே பொய் சொன்னேன்.

அந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்த நடு வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டினார். இது உனக்கே எதிராக நிற்கும், வேலை போகும், இன்னொரு இடத்திலும் கேட்பார்கள், பொய் சொன்னேன் என்பதே போதும், தெரிந்தே என்பது வேண்டாம், அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். பேனா என் கையில்தான் இருந்தது. ஒரு கோடு இழுத்தால் போதும். ஒருத்தியைக் கெடுத்த வார்த்தையை அழகாக நகர்த்தி வைத்தவள், என்னைக் கெடுக்கிற வார்த்தையை மட்டும் அடித்துவிடலாமா?

“அது இருக்கட்டும் மேடம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்தத் தாளை அக்கா பக்கம் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துத் தமிழில் படித்துக் காட்டினேன். ‘தெரிந்தே’ என்பதை இரண்டு தடவை படித்தேன். அக்கா தலையை ஆட்டினார்.

மறு வாரமே எனக்கு ஃபேக்டரியில் வேலை இல்லை என்றார்கள். விசாரணை முடிந்து, அடுத்த சீசனில் அக்கா பெயர் கேட்டில் இருந்த லிஸ்டில் வந்தது. மெஷினுக்கு இல்லை, பழம் பொறுக்கும் மேஜைக்கு. அந்த மெஷின் தூணில் சிவப்பு பிளாஸ்டிக் கம்பி ஒன்று இப்போது தொங்குகிறது என்று வேனில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். இரண்டு விரல் போன பிறகு வந்த கம்பி! கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

இப்போது நான் சித்தூரில் வேறு ஓர் ஆபீசில் இருக்கிறேன். ஏதாவது பேப்பர் வந்தால் அக்கா இன்னும் என்னிடம்தான் கொண்டு வருகிறார். டப்பாவைத் திறந்து நீட்டுவதும் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. நான் விரல் வைத்து ஒரு வார்த்தை விடாமல் படித்துச் சொல்வேன். அக்கா கேட்டுக்கொள்வார், “சரி பாப்பா” என்று மடித்து வாங்கிக்கொள்வார். பிறகு நேராக பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போய், அதே பேப்பரை அங்கே இருப்பவரிடம் கொடுத்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பார். அதை என்னிடம் மறைப்பதும் இல்லை. மேனேஜர் மேல், சூப்பர்வைசர் மேல், திருப்பதி சார் மேல் எல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆனால் மெடிக்கல் ஷாப் வாசலில் அக்கா அந்தப் பேப்பரோடு நிற்பதை பஸ்ஸில் இருந்து பார்க்கும்போது மட்டும், கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று தலையைக் குனிந்துகொள்கிறேன்.